துறைமுகத்தின் உள்ளே 18 மீட்டர், வாசலில் 20 மீட்டர்: ஏன்?

கொழும்புத் தெற்குத் துறைமுகத்தின் உட்பகுதியைவிட நுழைவு வாய்க்காலை ஏன் கூடுதல் ஆழமாகத் தோண்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிகப் பெரிய கொள்கலன் கப்பல் முழுச் சுமையுடன் ஏறத்தாழ 16 மீட்டர் மூழ்கும். அலைத்தடுப்புச் சுவருக்குள் கடல் அமைதியாக இருப்பதால், அடியில் 2 மீட்டர் நீர் மிஞ்சினால் போதும். வெளியே கப்பல் அலையில் ஏறி இறங்கும், உருளும். 60 மீட்டர் அகலமான கப்பல் ஒரு பாகை சாய்ந்தாலே ஒரு விளிம்பு அரை மீட்டர் தாழ்ந்துவிடுகிறது! பலர் மறப்பது இன்னொன்று: ஆழம் குறைந்த இடத்தில் ஓடும்போது அடியில் நீர் வேகமெடுத்து, அழுத்தம் குறைந்து, கப்பல் மேலும் அமிழும். நிற்கும் கப்பலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கொழும்பில் ஓத வேறுபாடு, அதாவது கடல்மட்டம் நாளும் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே கடலேற்றம் வரும்வரை கப்பலைக் காத்திருக்க வைத்து, தோண்டும் செலவை மிச்சப்படுத்தவும் வழியில்லை.