சிகரெட் நிறுவனப் பங்கை வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிகரெட் நிறுவனமான ஐடிசியின் பங்கு நல்ல டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை) தருகிறது. ஆனால் என் அப்பா புகைத்துப் புகைத்தே நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்கப் போகிறார். இதில் என்ன தவறு?

சந்தையில் நீங்கள் தரும் பணம் பங்கை விற்றவருக்குத்தான் போகிறது, நிறுவனத்துக்கு அல்ல. அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பட்ஜெட் தினத்தை நினைத்துப் பாருங்கள். சிகரெட் வரி உயராவிட்டால் இந்தப் பங்கின் விலை ஏறும். புகைப்பழக்கத்தைக் குறைக்க வரி உயர்வுதான் மிகவும் பலனளிக்கும் வழி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி வருகிறது. பங்கை வாங்கிய மறுநாள் முதல், அந்த வரி உயரக் கூடாது என்று உங்கள் மனம் வேண்டத் தொடங்கும். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை அப்படி வேண்டலாமா? என்னால் முடியாது. அதனால் நான் வாங்கவில்லை.

ஆசீர்வாத் ஆட்டாவும் அவர்களுடையதுதானே?

ஆம். ஆனால் லாபத்தின் பெரும்பகுதி இன்றும் சிகரெட்டிலிருந்தே வருகிறது.

என்னிடம் எல்ஐசி பாலிசியும் நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டும் மட்டுமே உள்ளன. நான் தப்பித்தேனா?

இல்லை. நிஃப்டி 50 என்பது ஐம்பது பெரிய நிறுவனங்களின் பட்டியல்; உங்கள் ஃபண்ட் அந்தப் பட்டியலில் உள்ள பங்குகளை அப்படியே வாங்குகிறது. அதில் ஐடிசியும் இருக்கிறது. எல்ஐசியிடம் அதன் பங்குகளில் சுமார் 15 சதவீதம் இருக்கிறது. டெர்ம் பாலிசி எடுக்கும் புகைப்பவரிடம் கூடுதல் பிரீமியம் கேட்கும் நிறுவனமே சிகரெட் லாபத்திலும் பங்கு பெறுகிறது. அரசுக் காப்பீட்டு நிறுவனங்களின் இத்தகைய முதலீட்டை எதிர்த்து 2017-இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடரப்பட்டது. அதற்காகப் பாலிசியைப் பாதியில் முறித்து நட்டப்படாதீர்கள். தேடிப்போய் வாங்குவதும் கூட்டத்தோடு சேர்ந்து வந்துவிடுவதும் ஒன்றல்ல.

பங்குதாரராக இருந்துகொண்டே நிறுவனத்தைத் திருத்த முடியாதா?

சாயக்கழிவை ஆற்றில் விடும் ஆலையென்றால் முயலலாம், முயலவும் வேண்டும். விற்கும் பொருளே உயிரைக் குடிக்கும்போது எதைத் திருத்துவது? அதிலும் ஐடிசியின் மிகப் பெரிய பங்குதாரர் இன்னொரு சிகரெட் நிறுவனமான பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ.

விலகினால் நட்டம் வருமா?

வரலாம். அதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன். கலிபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியம் 2000-இல் புகையிலைப் பங்குகளை விட்டு விலக முடிவெடுத்தது. அதனால் தவறிய வருமானம் சுமார் 300 கோடி டாலர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தும், 2016-இல் மறுபரிசீலனை செய்தபோது திரும்பி வாங்குவதில்லை என்றே முடிவெடுத்தார்கள்.