பழைய காரா, கைவினையா: பணத்தைத் தின்பது எது?

கேள்வி: எனக்குத் திருமணமாகி 2 ஆண்டுகள் ஆகின்றன. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். எங்களிடம் 11 ஆண்டுப் பழைய கார் ஒன்று இருக்கிறது. கடந்த 14 மாதங்களில் கிளட்ச், ரேடியேட்டர், பேட்டரி, பிரேக் என்று நான்கு முறை பழுதாகிவிட்டது. நான்கு செலவையும் கிரெடிட் கார்டில் போட்டோம். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறோம். பருவத்துக்கு ஏற்றபடி காகித விளக்குகள், துணிப் பொம்மைகள், வாழ்த்து அட்டைகள் செய்வது என் வழக்கம். சிலவற்றை விற்கிறேன், மீதியைப் பரிசாகக் கொடுக்கிறேன். இந்தச் செலவுதான் நம்மைக் கீழே இழுக்கிறது என்கிறார் கணவர். வார இறுதிகளில் எங்கள் காரை எடுத்துப் போகும் அவருடைய தம்பியோ, பழையதைத் தள்ளிவிட்டு முன்பணமே இல்லாமல் ஏழாண்டுக் கடனில் புதிய கார் எடுக்கச் சொல்கிறார். நான் கைவினையை விடவேண்டுமா, காரை விற்கவேண்டுமா? இந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் சண்டையில்தான் முடிகிறது.

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையோடு எழுதிய ஒரு வாக்கியம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது: "குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறோம்." சண்டை போடுவதானால் இருவரும் சேர்ந்து அதனோடு போடுங்கள்.

நீங்கள் அனுப்பிய கணக்கை, உங்கள் இருவரின் மாத வருமானம் 100 என்று வைத்துச் சுருக்கிக்கொள்கிறேன். வாடகை 28, வீட்டுச் செலவு 38, போக்குவரத்து 8, பெற்றோருக்கு 6, மியூச்சுவல் ஃபண்டில் மாத முதலீடு 6, கார்டுக்குக் குறைந்தபட்சம் நாலரை, கைவினைச் சாமான்கள் 2. மீதி ஏழரை எங்கே போகிறது என்று தெரியவில்லை என்கிறீர்கள். சேமிப்புக் கணக்கில் 30 இருக்கிறது. கார்டில் நிற்கும் கடன் 90.

முதலில் கைவினையைப் பார்த்துவிடலாம், அது சீக்கிரம் முடிந்துவிடும். ஆண்டுக்கு 24 செலவழித்து, விற்றதில் 15 திரும்பி வந்திருக்கிறது. ஆக, கையிலிருந்து போவது ஆண்டுக்கு 9, மாதத்துக்கு 1கூட இல்லை. கார்டில் மாத வட்டி 3 சதவீதம். 90க்கு ஒரு மாத வட்டி 2.7. அதாவது ஒரு மாதம் கார்டுக்குப் போகும் வட்டியில் உங்கள் கைவினை மூன்றரை மாதம் நடக்கும். உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. காகிதக் கட்டும் துணிச் சுருளும் வீட்டில் கண்ணெதிரே கிடக்கின்றன. வட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்போது அந்தக் குறைந்தபட்சத் தொகை. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் வரலாற்றில் கறை படியாது. அவ்வளவுதான் அதன் பயன். வட்டி ஒரு நாள்கூட நிற்காது. உங்களுக்கு அது நிலுவையில் 5 சதவீதம், ஏறக்குறைய 4.5. அதில் 2.7 வட்டிக்குப் போய்விட்டால், அசலில் கழிவது 1.8 மட்டும். அடுத்த மாதம் நிலுவை கொஞ்சம் குறைய, கட்டவேண்டிய தொகையும் சேர்ந்து குறைகிறது. குறைவது நல்லதுதானே என்று தோன்றும். கடன் நீண்டுகொண்டே போவது இதனால்தான். இதே வேகத்தில், புதிதாக ஒரு பைசாகூடச் சேர்க்காமல் இருந்தாலும், 90 என்பது 45 ஆக ஏறத்தாழ 34 மாதங்கள் ஆகும். அதற்குள் மொத்தம் 112 அளவுக்குக் கட்டியிருப்பீர்கள். 45 கழிய 112! மாதம் 3 சதவீதம் என்பதைச் சின்ன எண்ணாக நினைக்கவேண்டாம். வட்டிக்கு வட்டி சேர்த்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நான்கு பழுதுகளுக்கும் சேர்த்து ஆனது 64. கார்டில் இருப்பதோ 90. வட்டியோடு, அதே கார்டில் அவ்வப்போது வாங்கிய மளிகையும் காகிதமும் துணியும் சேர்ந்துதான் இப்படி ஏறியிருக்கிறது. முழு நிலுவையையும் கட்டுகிறவர்களுக்குத்தான் வட்டியில்லாத சில வாரங்கள் கிடைக்கும். பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவர்களுக்குப் பெரும்பாலான கார்டுகளில் அந்தச் சலுகை இல்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே கைவினைச் சாமான்களைக் கையிலிருக்கும் பணத்தில் மட்டும் வாங்குங்கள். கைவினை விஷயத்தில் நான் கேட்கும் மாற்றம் இது ஒன்றுதான்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். சேமிப்பில் இருக்கும் 30இல் 20ஐ எடுத்து இந்த வாரமே கார்டில் கட்டுங்கள். கையிருப்பைத் தொடக்கூடாது என்று எங்கும் எழுதுகிறார்கள், நானும் சொல்வதுண்டு. ஆனால் சேமிப்புக் கணக்கு தரும் சொற்ப வட்டிக்காகப் பணத்தை அங்கே வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் 42 சதவீதம் கட்டுவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. 10 அவசரத்துக்கு இருக்கட்டும். மாத முதலீடு 6ஐத் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஃபண்டில் ஏற்கெனவே இருப்பதை விற்கவேண்டாம், புதிதாகப் போடுவதை மட்டும் நிறுத்தினால் போதும். நிறுத்திய 6, குறைந்தபட்சத்துக்குப் போகும் நாலரை, காணாமல் போகும் ஏழரை, எல்லாம் சேர்ந்து 18. அதில் 10 கார்டுக்கு. நிலுவை குறைந்தாலும் இந்தப் பத்தைக் குறைக்காதீர்கள். 70 கடன் எட்டு மாதத்தில் தீர்ந்துவிடும், வட்டியாகப் போவதும் 10 அளவில் நின்றுவிடும். அந்த எட்டு மாதமும் கார்டு பர்ஸில் இருக்கக்கூடாது. செல்பேசிச் செயலிகளில் சேமித்து வைத்திருக்கும் அதன் எண்ணையும் அழித்துவிடுங்கள்.

18இல் இன்னொரு 5 காருக்கு. கடிதம் முழுக்க "திடீரென்று", "எதிர்பாராமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். 14 மாதத்தில் 64 என்றால் மாதத்துக்கு நாலரை. பதினோரு ஆண்டு ஓடிய வண்டிக்கு இது வாடகையைப் போல எதிர்பார்க்கவேண்டிய செலவு. சம்பளம் வந்த அன்றே 5ஐத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். மீதி 3 கைச்செலவுக்கு.

காரை விற்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், செலவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்பதே. மாற்றிய கிளட்ச் ஒழுங்காக ஓட்டினால் பல ஆண்டு வரும், புதிய பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டு வரும். இத்தனையையும் புதுப்பித்துவிட்டு வண்டியை விற்றால், அதன் பலன் வாங்குகிறவருக்குத்தான். நம்பகமான மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, அடுத்த ஓராண்டில் வரக்கூடிய வேலைகளைப் பட்டியலாக வாங்குங்கள். பிரேக், டயர், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட் ஆகியவற்றைத் தள்ளிப்போடக்கூடாது. பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகளே வளைந்துவிடும். ஏசி, பெயின்ட், ஜன்னல் மோட்டார் எல்லாம் காத்திருக்கலாம். ரேடியேட்டர் கசிந்த வண்டி என்பதால் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவை வாரம் ஒருமுறை பாருங்கள். என்ஜின் சூடேறியபின்பும் ஓட்டினால் என்ஜினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும், அதன் செலவு இந்தப் பழுதுகளைப் போலச் சிறியதாக இருக்காது.

உங்கள் கொழுந்தனாரின் யோசனைக்கு வருகிறேன். அவர் சொல்லும் காரின் விலை உங்கள் கணக்கில் 800. ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ஏழாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 13க்கு மேல், மொத்த வட்டி 300க்கு மேல். பழைய காரின் பழுதுக்கு ஆகும் ஐந்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு மேல் புதிய காருக்கான காப்பீடும் இருக்கிறது. புதிய கார் முதல் ஆண்டிலேயே ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழப்பது சாதாரணம். அப்போது காரின் மதிப்பு 640 என்றால், உங்கள் கடன் 717 அளவில் நிற்கும். நடுவில் விற்க நேர்ந்தால் காரையும் கொடுத்து, கையிலிருந்து பணமும் சேர்த்துக் கட்டவேண்டியிருக்கும். முன்பணமில்லாக் கடன் என்ற விளம்பரத்தில் இந்தக் கணக்கு இருக்காது.

அவர் அன்போடுதான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வண்டியை அவரும் ஓட்டுகிறார், பழுதுச் செலவில் அவர் பங்கு எதுவும் உங்கள் கணக்கில் இல்லை. உங்கள் கணவரே தம்பியிடம் பேசட்டும். நீங்கள் பேசினால் வேறு சண்டை தொடங்கும். மாதம் 1 அவர் அந்தக் கார் கணக்கில் போட்டால் போதும். மறுத்தால், வார இறுதியில் சாவி வீட்டிலேயே இருக்கட்டும்.

"இப்போது வாங்கு, பிறகு கொடு" வகைச் செயலியில் கைவினைச் சாமான்கள் வாங்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். ஒரு கடனிலிருந்து வெளியே வரும்போது, புதுப் பெயரில் இன்னொன்றுக்குள் நுழையாதீர்கள். கார்டு நிலுவையை வேறு கார்டுக்கு மாற்றும் சலுகையிலும் எனக்கு ஆர்வமில்லை. எட்டு மாதக் கடனில் மிச்சமாவது கொஞ்சம், மாற்றுக் கட்டணம் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். பழைய கார்டும் காலியாகிக் கையில் இருக்கும், அதுதான் எனக்குப் பயம்.

ஒன்பதாவது மாதம் அந்த 10ஐ இரண்டாகப் பிரியுங்கள். ஐந்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டு, எடுத்த 20ஐ நிரப்புங்கள். மற்ற ஐந்தை நிறுத்திய முதலீட்டில் போடுங்கள். மெக்கானிக்கின் பட்டியலில் என்ஜினைத் திறக்கும் வேலையோ கியர்பாக்ஸ் வேலையோ இருந்து, அதன் செலவு காரின் விற்பனை மதிப்பில் பாதியைத் தாண்டினால் மட்டும் அந்த வேலையைத் தொடங்கவேண்டாம். மதிப்பீட்டுச் சீட்டை இணைத்து எனக்கு எழுதுங்கள்.