மாலை 16.2, மறுநாள் காலை 18.4: நெல் ஈரப்பத மீட்டர் ஏன் மாற்றிக் காட்டுகிறது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் 5 ஏக்கர் சம்பா, பிபிடி 5204. மெஷின் அறுவடை முடிந்து இரண்டு நாள் களத்தில் காயவைத்தேன். என்னிடம் கப்பில் நெல்லை ஊற்றிப் பார்க்கும் டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்று இருக்கிறது. களத்துக் கட்டைச் சுவரிலேயே வைத்திருந்தேன். மாலை 3 மணிக்கு அதில் 16.2 சதவீதம் வந்தது. உடனே மூட்டை பிடித்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இறக்கிவிட்டேன். மறுநாள் காலை 8 மணிக்கு அவர்கள் மீட்டரில் 18.4. அதே நெல்லை மறுபடி ஊற்றச் சொன்னதில் 17.9, மூன்றாம் முறை 18.7. காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். யார் மீட்டர் தவறு? எந்த அளவு காய்ந்தால் தைரியமாகக் கொண்டுபோகலாம்? இதே மீட்டரில் உளுந்தும் பார்க்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு மீட்டரும் பழுதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் 16.2 உண்மையைவிடக் குறைவு. அவர்களுடைய 18.4-இல் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் பனி, கொஞ்சம் ஊற்றிய விதம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறேன்.

இந்த மீட்டர் நெல்லில் உள்ள தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. கப்பின் உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் உண்டு. அது ஒரு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் அமைப்பு. இடையில் நெல் விழுந்ததும் அதன் மின்தேக்குத்திறன் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பது இடையில் இருக்கும் பொருளின் மின்காப்பு மாறிலியைப் பொறுத்தது. காற்றுக்கு அது 1. நன்றாகக் காய்ந்த தானியத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 4. தண்ணீருக்கோ சுமார் 80. இந்தப் பெரிய வித்தியாசம் இருப்பதால்தான் நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீர் கூடினாலும் மீட்டருக்குத் தெரிகிறது. மீட்டர் தனக்குக் கிடைத்த மின் அளவை, கம்பெனிக்காரர்கள் உள்ளே பதிந்து வைத்த அட்டவணையோடு ஒப்பிட்டு ஈரப்பதமாக மாற்றிக் காட்டுகிறது. ஆகவே மின் அளவை மாற்றும் வேறு எது வந்தாலும் அதையும் தண்ணீர் என்றே கணக்கில் சேர்த்துவிடும். வெப்பம், நெல் கப்பில் அடைந்திருக்கும் நெருக்கம், நெல்மணிக்குள் தண்ணீர் இருக்கும் இடம் ஆகிய மூன்றும்தான் முக்கியமானவை. உங்கள் விஷயத்தில் மூன்றுமே விளையாடியிருக்கின்றன.

முதலில் வெப்பம். சுத்தத் தண்ணீரைச் சூடாக்கினால் அதன் மாறிலி குறையும்: 20 டிகிரியில் 80 என்றால் 40 டிகிரியில் 73. ஆனால் நெல்லுக்குள் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி மாவுச்சத்தோடு ஒட்டிக் கட்டுண்டு கிடக்கிறது. சூடு ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது, மின் கடத்தலும் கூடுகிறது. அதனால் சூடான நெல் அதே ஈரத்தில் இருந்தாலும் கூடுதலாகக் காட்டும். தானியங்களில் பொதுவாக ஒரு டிகிரிக்கு 0.1 புள்ளி அளவு என்று வைத்துக்கொள்ளலாம் (ஒரு புள்ளி என்றால் மீட்டர் காட்டும் சதவீதத்தில் ஒன்று). இதைச் சரிக்கட்ட மீட்டருக்குள் ஒரு வெப்ப உணரி வைத்திருப்பார்கள். விலை மலிவான பல மீட்டர்களில் அந்த உணரி அளப்பது நெல்லின் சூட்டை இல்லை, மீட்டர் உடம்பின் சூட்டை. நீங்கள் மீட்டரைக் கட்டைச் சுவரில் வெயிலில் வைத்திருந்தீர்கள். பிளாஸ்டிக் உடம்பு 50 டிகிரிக்குப் போயிருக்கும். கிளறிய நெல் 40 டிகிரியில் இருந்திருக்கலாம். மீட்டர் நெல்லும் 50 டிகிரி என்று நினைத்துக்கொண்டு தேவைக்கு மேல் கழித்துவிட்டது. இந்த ஒரு காரணத்தாலேயே ஒரு புள்ளி வரை குறைந்து வர வாய்ப்பு உண்டு. தலைகீழாகவும் நடக்கும்: வீட்டுக்குள் குளிர்ந்திருந்த மீட்டரை எடுத்து வந்து சுடுநெல்லை ஊற்றினால் உண்மையைவிடக் கூடக் காட்டும்.

இரண்டாவது, தண்ணீர் இருக்கும் இடம். உங்கள் கேள்விக்கு இதுதான் பெரிய விடை. களத்தில் காயும்போது உமியும் அரிசியின் மேல் அடுக்கும் முதலில் காய்கின்றன, நடுப்பகுதி பின்தங்குகிறது. மாலை 3 மணிக்கு எடுத்த மணியின் மேற்புறம் 13 ஆகவும் நடுப்பகுதி 19 ஆகவும் இருந்தாலும் ஆச்சரியமில்லை. கப் வகை மீட்டர் மணியை முழுதாக, உடைக்காமல் பார்க்கிறது. காய்ந்த வெளிப்புறம் அதை ஏமாற்றிக் குறைவாகக் காட்டவைக்கும். மூட்டையில் போட்டு ஓர் இரவு கிடந்தால் நடுவில் இருந்த ஈரம் வெளியே பரவி மணி முழுதும் சமமாகிவிடுகிறது. தண்ணீர் ஒரு துளி கூடாமலேயே மீட்டர் காலையில் அரை முதல் ஒரு புள்ளி ஏற்றிச் சொல்லும். இயந்திர உலர்த்தியில் வேகமாகக் காய்ந்த நெல்லில் இந்த ஏற்றம் இன்னும் அதிகம். அதனால்தான் காய்ந்த கையோடு எடுத்த அளவை நம்பி மூட்டை பிடிக்கக் கூடாது என்று சொல்வது.

இதற்கு மேல் பனி. தை, மாசிக் காலை டெல்டாவில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். நிலையத்தில் திறந்த வெளியில் அடுக்கிய சாக்குகளின் வெளி வரிசை உண்மையாகவே ஈரம் வாங்குகிறது. ஆனால் வாங்கியதைவிட அதிகமாக மீட்டர் சொல்லும். மணியின் மேல் படலமாக நிற்கும் பனித்தண்ணீர் கட்டுண்ட நீர் இல்லை, தனி நீர். அதன் மாறிலி முழுதாக 80. கூடவே மணியில் ஒட்டிய தூசியின் உப்புகள் அதில் கரைந்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். சில மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வேலை செய்யும் சாதாரண மீட்டருக்கு இந்தக் கடத்தலையும் மின்தேக்கத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அமெரிக்கத் தானிய ஆய்வுத் துறை 149 மெகாஹெர்ட்ஸுக்குப் போனதற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று. நம் ஊர் மீட்டரில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. 10 மணி வரை பொறுத்து, பனி காய்ந்த பிறகு அளக்கச் சொல்லலாம், அதுவும் நியாயமான கோரிக்கைதான்.

அதே நெல்லுக்கு 18.4, 17.9, 18.7 வந்தது ஊற்றிய விதத்தால். கப்பின் கொள்ளளவு ஒன்றுதான். அதில் எத்தனை மணி அடைகிறது என்பது மாறும். உயரத்திலிருந்து வேகமாகக் கொட்டினாலோ, கப்பைத் தட்டினாலோ மணிகள் நெருங்கி, இடையில் இருக்கும் காற்று குறைந்து, அளவு ஏறும். கையால் மெதுவாகத் தூவினால் இறங்கும். எடையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் மீட்டர்களில் இந்தத் தொல்லை குறைவு. உங்களுடையதில் எடைத் தட்டு இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்: கப்பின் விளிம்புக்கு ஒரு சாண் மேலிருந்து, நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றுங்கள், தட்ட வேண்டாம், மேலே குவிந்ததை ஸ்கேலால் ஒரே வழிப்பில் வழித்துவிடுங்கள். மூன்று முறை ஊற்றிச் சராசரி எடுங்கள். மூன்றுக்கும் இடையே அரைப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தச் சராசரிக்கும் மதிப்பில்லை, மாதிரியைக் கலக்கி மீண்டும் ஊற்றுங்கள்.

மாதிரியைச் சுத்தம் செய்யாமல் அளப்பது இன்னொரு பொதுவான பிழை. மெஷின் அறுவடை நெல்லில் அரை அங்குலப் பச்சைத் தாள் துண்டுகள் கிடக்கும். பச்சைத் தாளில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். கப்பில் நாலு துண்டு விழுந்தாலே எண் ஏறும். பதரும் கருக்காயும் கூடினால் எண் இறங்கும், ஏனென்றால் கப்பில் காற்று கூடிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு பதரோடு அளந்து திருப்திப்படுபவர்களும் உண்டு. நிலையத்தில் தூற்றிய பிறகு அளக்கும்போது அந்தத் திருப்தி போய்விடும். கை முறத்தில் ஒரு தடவை புடைத்து, தாளைப் பொறுக்கிவிட்டு ஊற்றுங்கள். வரப்போரத்து முற்றாத பச்சை மணிகள் கலந்திருந்தால் மூட்டைக்கு மூட்டை எண் மாறும். அதை மீட்டரால் சரிசெய்ய முடியாது, கலந்து காயவைத்து, ஓர் இரவு மூடி ஆறவைப்பது ஒன்றே வழி.

ரகத்துக்கான அமைப்பையும் பாருங்கள். பிபிடி போன்ற சன்ன மணி ஒருவிதமாக அடையும், சிஆர் 1009 போன்ற மோட்டா மணி வேறுவிதமாக அடையும். மீட்டரில் நெல்லுக்கு ஒரே அட்டவணைதான் இருந்தால் ரகத்துக்கு ரகம் சில பத்தில் பங்குகள் தள்ளி வரும். தவறி அரிசி அமைப்பில் வைத்து நெல்லை அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பேட்டரி இறங்கியிருந்தாலும், தகடுகளில் உமித்தூசி படிந்திருந்தாலும் அளவு தள்ளும். காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், ஈரத்துணி வேண்டாம்.

திருகி நசுக்கி அளக்கும் பழைய வகை மீட்டர் நிலையத்தில் இருந்தால் அது வேறு சங்கதி. அது மின்தேக்கத்தைப் பார்ப்பதில்லை, மின்தடையைப் பார்க்கிறது. அதையும் உங்கள் கப் மீட்டரையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு அரைப் புள்ளிக்குச் சண்டை போடுவதில் பயனில்லை.

இனி எந்த அளவுக்குக் காயவைப்பது. கொள்முதலுக்கான ஈரப்பத உச்ச வரம்பு 17 சதவீதம். மழை பெய்த பருவங்களில் மத்திய அரசு தளர்வு கொடுத்ததுண்டு, ஆனால் அது அந்தந்தப் பருவத்துக்கான தனி உத்தரவு. அதை நம்பித் திட்டமிட வேண்டாம். என் கணக்கில் ஆறவைத்த நெல் உங்கள் மீட்டரில் 16 காட்டினால் போதும். அதற்குக் கீழே இறக்குவது எடை நஷ்டம். 17-இல் உள்ள 1000 கிலோ நெல்லை 16-க்குக் கொண்டுவந்தால் (1000 × 83 ÷ 84) 988 கிலோ. 12 கிலோதான் போகிறது. பயந்துபோய் 14 வரை காயவிட்டால் (1000 × 83 ÷ 86) 965 கிலோ. டன்னுக்கு 35 கிலோ தண்ணீரை இனாமாக வெயிலுக்குக் கொடுக்கிறீர்கள்.

காயவைக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலக் கனத்துக்கு மேல் பரப்பாதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை கிளறுங்கள். உச்சி வெயிலில் நெல் 50 டிகிரியைத் தாண்டினால் மணியில் விரிசல் விழும், அரவையில் நொய் கூடும். அந்த நேரம் குவித்து மூடிவையுங்கள். இந்த மூடல் வீண் இல்லை. நடு ஈரம் வெளியே வர அப்போதுதான் அவகாசம் கிடைக்கிறது. மாலையில் பனிக்கு முன் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிட்டு, மறுநாள் காலை குவியலின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் எடுத்துக் கலந்த நெல்லை, மீட்டரோடு சேர்த்து நிழலில் அரை மணி வைத்த பிறகு அளந்து பாருங்கள். அந்த எண்தான் நிலையத்து எண்ணோடு ஒத்துப்போகும்.

மீட்டரை நம்பாமல் தராசை வைத்தும் சரிபார்க்கலாம். தொடக்க ஈரம் 20 என்று சரியாகத் தெரிந்தால், இரண்டடிச் சதுரத் துணியில் 5 கிலோ நெல்லைப் பரப்புங்கள். ஏறக்குறைய ஓர் அங்குலக் கனம் வரும். களத்து நெல்லோடு சேர்த்து அதையும் காயவைத்துக் கிளறுங்கள். அது 4 கிலோ 760 கிராமுக்கு இறங்கும்போது ஈரம் 16. மணியின் நடுவில் இருந்தாலும் ஓரத்தில் இருந்தாலும் தண்ணீரின் எடை ஒன்றுதான் என்பதால் சூடோ, நெருக்கமோ இந்தக் கணக்கைக் கெடுக்காது. தொடக்க ஈரத்தை மீட்டரில் தவறாக எடுத்தால் மட்டும் முழுக் கணக்கும் தவறும்.

உங்கள் மீட்டர் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிய, ஒரு கிலோ சுத்தமான நெல்லை நன்றாகக் கலந்து பாதியை ஆய்வகத்தில் ஓவன் முறையில் (அரைத்த மாதிரியை 130 டிகிரியில் 2 மணி நேரம் காயவைத்து, குறைந்த எடையைக் கணக்கிடுவது) பார்க்கச் சொல்லுங்கள். மீதியைக் காற்றுப் புகாத பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடிவையுங்கள். 13, 14 ஈரத்தில் உள்ள நெல் இப்படி மாதக்கணக்கில் நிற்கும். 17-இல் உள்ளது பூஞ்சணம் பிடிக்கும், அதை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். பாட்டில் அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த மணிமேல் காற்றின் ஈரம் வியர்த்து அளவு ஏறிவிடும். கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது இந்தப் பாட்டிலையும் கொண்டுபோய் அவர்கள் மீட்டரில் ஒருமுறை ஊற்றச் சொல்லுங்கள். வாக்குவாதத்தைவிட இது சீக்கிரம் முடியும்.

உளுந்து: மீட்டரின் பட்டியலில் உளுந்து என்று தனி அமைப்பு இருந்தால் பார்க்கலாம். நெல் அமைப்பில் வைத்துப் பார்க்காதீர்கள். உமி இல்லாத, புரதம் மிகுந்த, கப்பில் நெருக்கமாக அடையும் பருப்புக்கு நெல்லின் அட்டவணை பொருந்தாது, நாலைந்து புள்ளி தள்ளினாலும் உங்களுக்குத் தெரியாது. விதைக்கு எடுத்து வைப்பதாக இருந்தால் உளுந்துக்கு 9 சதவீதம், விதை நெல்லுக்கு 13 சதவீதம் உச்ச வரம்பு. விதையை 40 டிகிரிக்கு மேல் சூடேற விடாமல் காயவையுங்கள்.