ஒற்றைச் சக்கரமும் ஓடாத புரொப்பெல்லரும்: பழைய விமான கிட் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். பிளாஸ்டிக் மாடல் விமானம் கட்டும் கிட் கிடைத்துவிட்டது, உள்ளே ஒரு பாகம் இல்லை, கேட்கலாம் என்றால் கம்பெனியே இல்லை.

மேட்ச்பாக்ஸ் 1/72 (நிஜ அளவில் 72-இல் ஒரு பங்கு) ஸ்ட்ரான்ரேர் பறக்கும் படகு கிட் வைத்திருக்கிறேன். ஒரு எஞ்சின் கவசமும், இறக்கைகளுக்கு நடுவே நிற்கும் இரண்டு தாங்கு கம்பிகளும் இல்லை. யாரிடம் கேட்பது? (திருச்சி)

முதலில் ஸ்ப்ரூ சட்டத்தில் (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) அந்தப் பாகத்தின் எண் இருக்கும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பாகத்தைச் சட்டத்தோடு இணைக்கும் காம்பு முனை பிய்ந்து வெளுத்திருந்தால் பாகம் அங்கே இருந்து உடைந்து விழுந்திருக்கிறது. பெட்டியின் மடிப்பு, செய்முறைத் தாளின் மடிப்பு, பிளாஸ்டிக் பையின் மூலை எல்லாவற்றையும் உதறுங்கள். முனை பளபளவென்று உருண்டு முடிந்திருந்தால் அச்சுக்குள் பிளாஸ்டிக் முழுதாக ஓடவில்லை, பாகம் பிறக்கவே இல்லை என்று அர்த்தம். அப்படியானால் தேடுவது வீண்.

கவசம் கண்டிப்பாக இன்னொரு கிட்டிலிருந்துதான் வர வேண்டும். மேட்ச்பாக்ஸின் தாய்க் கம்பெனியான லெஸ்னி 1982-இல் திவாலானது. ஆனால் அச்சுகள் அழியவில்லை. அவற்றில் பல ஜெர்மனியின் ரெவெல் கைக்குப் போயின. ஸ்ட்ரான்ரேரும் ரெவெல் பெட்டியில் வந்தது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது "மேட்ச்பாக்ஸ் ஸ்ட்ரான்ரேர்" அல்ல, பாதி கட்டி விட்டுவிட்ட "ரெவெல் ஸ்ட்ரான்ரேர்". பிளாஸ்டிக்கின் நிறம் வேறாக இருக்கும், பெயிண்ட் அடித்தால் யாருக்குத் தெரியப் போகிறது.

எந்தப் பழைய கிட்டுக்கும் இந்த வம்சாவளிதான் முதல் வேலை. பிரிட்டனின் ஃப்ராக் 1976-இல் நின்றபோது நேச நாட்டு விமான அச்சுகளில் பெரும்பாலானவை சோவியத் யூனியனுக்குப் போய் நோவோ என்ற பெயர் போட்ட பெட்டிகளில் வந்தன. ஜெர்மானிய, ஜப்பானிய விமான அச்சுகள் ரெவெலுக்குப் போயின. பர்மா போர்முனையில் இந்திய விமானப்படை ஓட்டிய வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானத்தின் ஃப்ராக் கிட்டும் நோவோ வழியாக வந்ததுதான். ஒட்டாகி அச்சுகள் அரீ ஆகி, பிறகு மைக்ரோஏஸ் ஆயின. எஸ்சி விமான அச்சுகள் பல இத்தாலெரியிடம் உள்ளன. மோனோகிராம் 1986-இல் ரெவெலோடு சேர்ந்தது. அமெரிக்காவில் எம்.பி.சி. என்ற பெயரில் விற்றவற்றில் பல ஏர்ஃபிக்ஸ் அச்சுகளே. ஸ்கேல்மேட்ஸ் தரவுத்தளத்தில் உங்கள் கிட் எண்ணைப் போட்டால் எந்த ஆண்டு எந்தப் பெட்டியில் வந்தது என்று கோடு போட்டுக் காட்டும்.

ஒரு எச்சரிக்கை. பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் அச்சும் ஒன்று என்று நம்பாதீர்கள். ஏர்ஃபிக்ஸ் 1/72 ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் 1950-களிலிருந்து வெவ்வேறு அச்சுகள் வந்திருக்கின்றன. ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காராது. விற்பவரிடம் ஸ்ப்ரூவின் நேர்மேல் படம் கேட்டு உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். இறக்கை உள்பக்கத்தில் பொறித்த ஆண்டு இருந்தால் அதையும்.

தாங்கு கம்பிகளைத் தேடவே வேண்டாம். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" கதை ஆகிவிடும். எதிர்ப்பக்க ஜோடியை அளந்து, அதே அகலமுள்ள எவர்கிரீன் பிளாஸ்டிக் பட்டையை நறுக்கி, முன் ஓரத்தை உருட்டலாகவும் பின் ஓரத்தைச் சரிவாகவும் 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தேயுங்கள். இரு முனையிலும் 0.4 மி.மீ. துளையிட்டுக் கம்பி செருகினால் ஒட்டும்போது வழுக்காது. நான்கு கம்பிகளையும் புதிதாகவே செய்துவிடுவது உத்தமம். இரண்டு பழசு, இரண்டு புதுசு என்றால் தடிமன் வித்தியாசம் கண்ணில் உறுத்தும்.

ஹசேகவா 1/48 எஃப்-4ஜே ஃபேன்டமில் பிரதான சக்கரம் ஒன்று இல்லை. அந்தப் பெட்டி இப்போது விற்பனையில் இல்லை. (சிங்கப்பூர்)

பெட்டி இல்லாவிட்டாலும் சட்டம் இருக்கும். ஹசேகவா ஒரு விமானக் குடும்பத்துக்குப் பொதுச் சட்டங்களை அடித்து, ரகத்துக்கு ஏற்ப ஒன்றிரண்டை மாற்றிப் பெட்டி போடுகிறது. இன்னொரு ரக ஃபேன்டம் பெட்டியில் உங்கள் சட்டமே இருக்கலாம். ஆங்கில எழுத்தையும் பாக எண்ணையும் ஒப்பிடுங்கள். ஆனால் எஃப்-4பி, எஃப்-4என் ரகங்களின் சக்கரம் ஒல்லி. ஜே, சி, டி, ஈ ரகங்களுக்கு அகலச் சக்கரம். அதற்காகவே இறக்கை மேற்பரப்பு சற்றுப் புடைத்திருக்கும். ஒல்லிச் சக்கரத்தை மாட்டினால் விவரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஜப்பானிய செய்முறைத் தாளின் கடைசிப் பக்கத்தில் உதிரிபாக அட்டவணை இருக்கிறதா பாருங்கள். தமியா கிட்டுகளில் ஒவ்வொரு சட்டத்துக்கும் தனி எண் உண்டு. தனிப் பாகம் கிடைக்காது, சட்டமாகத்தான் வாங்க வேண்டும். கம்பெனிக்கு எழுதும்போது கிட் எண், சட்ட எழுத்து, பாக எண், படம் நான்கும் ஒரே மடலில் போகட்டும். செக் நாட்டு எடுவார்ட் வேறு மாதிரி: டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னத் தாள்) இல்லாத வெறும் சட்டங்களை "ஓவர்ட்ரீஸ்" என்று தனியாகவே விற்கிறது.

எதுவும் அமையாவிட்டால் ரெசினில் (திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) வார்த்த சக்கர ஜோடி வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் மாற்றுங்கள்.

பி-17ஜி குண்டுவீச்சு விமானம், 1/72. நான்கு புரொப்பெல்லரில் மூன்றுதான் இருக்கின்றன. (யாழ்ப்பாணம்)

மூன்று இருப்பதே அதிர்ஷ்டம், வார்ப்பெடுக்க அசல் கையில் இருக்கிறது. அளவைச் சரிபாருங்கள்: நிஜ விமானத்தில் விட்டம் 11 அடி 7 அங்குலம், 1/72-இல் அது 49 மி.மீ.

இரண்டு பகுதி சிலிக்கான் அச்சு வேண்டும். கந்தகம் இல்லாத களிமண்ணில் புரொப்பெல்லரைப் பாதி தடிமன் வரை படுக்கவைத்து, சுற்றி நாலைந்து குழி குத்துங்கள். மேல் பாதி அச்சு அசையாமல் உட்கார அவைதான் பூட்டு. சுற்றிலும் அட்டைச் சுவர் கட்டி, சிலிக்கானை ஒரு மூலையிலிருந்து நூல்போல் மெல்ல ஊற்றுங்கள். கெட்டியானதும் திருப்பி, களிமண்ணை நீக்கி, சிலிக்கான் முகம் முழுக்க மெல்லிய வாசலின் தடவிய பிறகே இரண்டாம் பாதி. வாசலினை மறந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிளாட்டினம் வகை சிலிக்கான் என்றால் கந்தகக் களிமண்ணும் லேடக்ஸ் கையுறையும் பட்ட இடத்தில் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும்.

ரெசினை நடுக் குமிழ் வழியாக ஊற்றுங்கள். புரொப்பெல்லரின் ஒவ்வொரு அலகின் நுனியிலிருந்தும் காற்று வெளியேற ஊசி அகலத்தில் ஒரு வாய்க்கால் கீறுங்கள். அது இல்லாமல் எடுத்தால் மூன்று நுனியும் மொட்டையாகத்தான் வரும். யாழ்ப்பாணத்து ஈரக் காற்று இன்னொரு எதிரி. பாலியூரித்தேன் ரெசினின் கடினமாக்கி ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு வந்து வார்ப்பு நுரைத்துப்போகும். மழை நாளில் ஊற்றாதீர்கள். திறந்த பாட்டிலைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

வேறு விமானத்திலிருந்து கடன் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: அலகின் முறுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயரில் விமானி பக்கமிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழி, கிரிஃபன் எஞ்சினில் இடஞ்சுழி. மாற்றி மாட்டினால் விமானம் பின்னால்தான் பறக்கும்.

கேனோபி (விமானி அறையின் கண்ணாடி மூடி) அடியோடு இல்லை. (சென்னை)

கேனோபி மட்டும் கேட்டு வருகிற கடிதங்கள்தான் எப்போதும் அதிகம், காரணமும் எளிது: தனிப் பையில் வரும் சின்னப் பாகம்.

முதல் வழி, சூடாக்கிய தெளிவான பிளாஸ்டிக் தகட்டை வெற்றிட முறையில் வடிவத்தின் மேல் இழுத்துச் செய்த ஆயத்தக் கேனோபி. நியூசிலாந்தின் ஃபால்கன், செக் நாட்டின் ராப் டாரஸ் இரண்டும் இதற்குப் பேர்போனவை. எந்த கம்பெனி கிட்டுக்கு அளவெடுத்தது என்று பார்த்து வாங்குங்கள். ஒரே விமானத்துக்கு இரண்டு கம்பெனிகளின் உடல் அகலம் அரை மி.மீ. வேறுபட்டாலே இடைவெளி விழும்.

இரண்டாவது வழி, நீங்களே இழுப்பது. எம்-சீல் அல்லது நார் தெரியாத மரத்தில் கேனோபி வடிவத்தைச் செதுக்குங்கள். தகட்டின் தடிமன் 0.3 மி.மீ. என்றால் வடிவத்தை எல்லாப் பக்கமும் அவ்வளவு சிறிதாக்குங்கள். கீழ் விளிம்போடு நிறுத்தாமல் 15 மி.மீ. கூடுதலாகக் கால் விடுங்கள். தகடு விளிம்பில் விரியும், அந்தப் பகுதி வெட்டிப் போகத்தான். 2000 நம்பர் பேப்பர் வரை தேய்த்து மெருகேற்றுங்கள். வடிவத்தில் இருக்கும் கீறல் ஒவ்வொன்றும் கண்ணாடியில் தெரியும். ஒரு பிளைவுட் துண்டில் கேனோபியைவிடச் சுற்றிலும் 1 மி.மீ. பெரிய துளை வெட்டி, அதன் மேல் பெட்ஜி (PETG) என்ற தெளிவான பிளாஸ்டிக் தகட்டைப் பின் அடித்து இறுக்குங்கள். மின் அடுப்புச் சுருளுக்கு மேலே பிடியுங்கள். மெழுகுவத்தி வேண்டாம், கரி படியும். தகடு முதலில் நெளியும், பிறகு இறுகும், அதன்பின் நடுவில் தொய்யும். தொய்யும் அந்த நொடியில் வடிவத்தின் மேல் ஒரே அழுத்தாக இறக்கிப் பத்து விநாடி அசையாமல் பிடியுங்கள். மூலையில் மடிப்பு விழுந்தால் சூடு போதவில்லை, குமிழி வந்தால் மிஞ்சிவிட்டது. நாலைந்து தகடு பாழாகும் என்று கணக்கில் வைத்தே உட்காருங்கள்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது. ஃபெவிகுவிக் பக்கத்திலேயே வரக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் பனிபோல வெள்ளையாகப் படியும்.

பிட்டோ குழாய் (காற்று வேகம் அளக்கும் மெல்லிய குழாய்), துப்பாக்கிக் குழல் உடைந்துபோனது. (மதுரை)

மெடிக்கல் ஷாப்பில் ஊசி வாங்குங்கள். 26ஜி ஊசி வெளிவிட்டம் சுமார் 0.46 மி.மீ., 21ஜி 0.82 மி.மீ. முதலாவது இரண்டாவதுக்குள் நுழையும், படிப்படியாக மெலியும் பிட்டோ தயார். இடுக்கியால் ஒடித்தால் வாய் நசுங்கும். மெல்லிய அறுப்புச் சக்கரத்தால் வெட்டி, பிசிறைத் தேயுங்கள். முனை தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சீல் பிரிக்காத கிட். ரப்பர் டயர் பட்ட இடத்தில் சக்கரமும் இறக்கை ஓரமும் உருகியிருக்கின்றன. (கோவை)

சூட்டினால் அல்ல. மென்மையான வினைல் டயருக்குள் இருக்கும் மென்மையாக்கி எண்ணெய் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. டயர்களை இன்றே தனி டப்பாவுக்கு மாற்றுங்கள், பெயிண்ட் அடித்த பாகத்தோடும் சேர்க்காதீர்கள். குழியின் பிசுபிசுப்பு போகும்வரை சுரண்டி, இரண்டு நாள் விட்டு, பட்டி வைத்து நிரப்புங்கள். இந்த டயர்களையே மறுபடி மாட்டுவதில் அர்த்தமில்லை, ரெசின் சக்கரம் போடுங்கள்.

டீக்கால் மஞ்சளாகிவிட்டது. ஓரத்தில் வெடிப்பும் இருக்கிறது. (நாகர்கோவில்)

எதையும் தொடும் முன் 600 டிபிஐ-யில், பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் எடுங்கள். பிறகு ஜிப் பையில் போட்டு, முகம் வெயிலைப் பார்க்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். மூன்று நாளுக்கொருமுறை பாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். தேவையில்லாத ஓர் எண்ணை நறுக்கித் தண்ணீரில் போடுங்கள். சிதறினால் மீதித் தாள் முழுக்க மைக்ரோஸ்கேல் லிக்விட் டீக்கால் ஃபிலிம் தடவி இரவு முழுக்கக் காயவிடுங்கள். அதன்பின் தாள் முழுதும் ஒரே படலம், ஒவ்வொரு சின்னத்தையும் அதன் ஓரத்தை ஒட்டித் தனித்தனியாக நறுக்க வேண்டும்.

வீட்டு இன்க்ஜெட்டில் புதிதாக அச்சிட நினைத்தால், அது வெள்ளை அடிக்காது. தெளிவான தாளில் அடித்த வட்டச் சின்னம் பச்சை இறக்கையில் காணாமல் போகும். வெள்ளை டீக்கால் தாளில் அடித்து ஓரமாக வெட்டுங்கள், கிளியர் வார்னிஷ் அடிக்காமல் தண்ணீரில் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் 3டி பிரிண்ட் எடுத்துவிட முடியாதா? (சென்னை)

இருக்கை, வெளியேற்றுக் குழாய், சக்கரம், குண்டு: தாராளமாக. தரைக்கால் (சக்கரத்தைத் தாங்கும் கால்) எடுத்தால் சாதாரண ரெசின் சில மாதத்தில் கனம் தாங்காமல் ஒடியும், உள்ளே எஃகுக் கம்பி வையுங்கள். கேனோபிக்கு ஆகாது, அடுக்குக் கோடு தெரியும். 1/48 கோப்பை 1/72-க்குச் சுருக்க 66.7 சதவீதம் போடுகிறீர்கள் அல்லவா, அதில் 0.5 மி.மீ. ஓரம் 0.33 ஆகி, கழுவும்போதே உடைந்து போகும். அத்தகைய ஓரங்களைக் கோப்பிலேயே தடிமனாக்கிவிட்டு அச்சிடுங்கள்.

செய்முறைத் தாள் மட்டும் இல்லை. (ஈரோடு)

ஸ்கேல்மேட்ஸில் உங்கள் கிட் பக்கத்தைத் திறங்கள், பல கிட்டுகளுக்கு அங்கேயே பி.டி.எஃப். இருக்கும். உங்கள் பெட்டிக்கு இல்லை என்றால் அதே அச்சின் வேறு பெட்டிக்கு இருக்கிறதா பாருங்கள். பாக எண் மட்டும் சில சமயம் மாறியிருக்கும், ஒட்டும் முன் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபாருங்கள்.