லேபும் பிராக்டிஸும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வீரர்களை எளிய மேஜர்களின் (பட்டத்துக்கான முக்கியப் பாடங்களின்) பக்கம் கல்லூரிகளே தள்ளிவிடுகின்றன என்கிறீர்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. பதினெட்டு வயது ஆனவர்கள். ஸ்காலர்ஷிப்பில் ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கிடைக்கிறது. யாரும் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதில்லை. மைரான் ரோல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிக்கொண்டே படித்து, பிறகு மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஆகவில்லையா? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சேப்பல் ஹில்லில், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்த போலி வகுப்பு விவகாரத்தில் மாணவர்களும்தானே பலன் அடைந்தார்கள்? இதையெல்லாம் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் மகள் பதினோராம் வகுப்பு, நீச்சலில் நன்றாக வருகிறாள். நர்சிங் படிக்க ஆசை. ஒன்றிரண்டு கல்லூரிக் கோச்சுகள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

ராலேயிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கையைப் பிடித்து யாரும் கையெழுத்து வாங்குவதில்லை, உண்மைதான். அதற்குத் தேவையே இல்லாமல் போவதுதான் என் வருத்தம். டைம்டேபிளும் தகுதி விதிகளுமே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக்காக, அதாவது ஆட்டத்தை நடத்திச்செல்லும் வீரராக, இருந்த கெய்ன் கோல்ட்டர் டாக்டராகும் எண்ணத்தோடு வந்தவர். இரண்டாம் ஆண்டில் அவர் எடுக்க நினைத்த கெமிஸ்ட்ரி வகுப்பு காலை பிராக்டிஸோடு மோதியது. இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோடை விடுமுறையில் எடுத்தார். அதற்குள் கூடப் படித்தவர்கள் முன்னே போய்விட்டார்கள். கடைசியில் சைக்காலஜிக்கு மாறினார். வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்க அனுமதி கேட்டபோது, தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் விசாரணையில் அவரே சொன்னது இது. சீசன் நேரத்தில் அந்த அணி வீரர்கள் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் ஃபுட்பாலுக்குக் கொடுக்கிறார்கள் என்று வாரியத்தின் மண்டல இயக்குநர் 2014 மார்ச்சில் தந்த தீர்ப்பில் பதிவு செய்தார். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. வைத்திருக்கும் உச்சவரம்பு 20 மணி நேரம். ஆனால் பயணம், காயத்துக்கான சிகிச்சை, ‘விருப்பமிருந்தால் வரலாம்’ என்று சொல்லி நடத்தும் பயிற்சிகள் எதுவும் அந்த இருபதுக்குள் வராது. கோச் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பையனுக்கு விருப்பமில்லாமல் போகும்?

நார்த்வெஸ்டர்ன் மோசமான இடம் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் அதன் ஃபுட்பால் வீரர்களில் 97 சதவீதம் பேர் பட்டம் பெறுவதாகக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் கோல்ட்டரும் வெற்றிதான். அவர் எந்தப் படிப்புக்காக வந்தார் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

அடுத்து, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒரு விதி. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது, தான் அறிவித்த பட்டத்துக்கான தேவையில் 40 சதவீதத்தை வீரர் முடித்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80. இல்லையென்றால் களத்தில் இறங்க முடியாது. முன்பு இது 25, 50, 75 என்று இருந்தது, 2003-இல் உயர்த்தினார்கள். நல்ல நோக்கம்தான். நான்கு வருடம் ஆடவிட்டுப் பட்டமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிய கொடுமையைத் தடுக்கக் கொண்டுவந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். இரண்டு வருடம் சமூக அறிவியல் படித்த ஒரு பெண்ணுக்கு உயிரியலில் ஆர்வம் வருகிறது. மாறினால் ஏற்கெனவே எடுத்த வகுப்புகள் பலவும் புதிய பட்டத்தின் கணக்கில் சேராது. சதவீதம் சரியும், ஆட்டம் போகும். சாதாரண மாணவி ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படித்துச் சமாளித்துவிடுவாள். இவளால் முடியாது. அதனால் எந்த வகுப்பு எடுத்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் பொதுவான மேஜர்தான் பாதுகாப்பு என்று அட்வைசர் சொல்வார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. என்.சி.ஏ.ஏ. அணிக்குப் போடும் கல்வி மதிப்பெண் ஆயிரத்துக்கு 930-க்குக் கீழே இறங்கினால் சீசன் இறுதிப் போட்டிகளில் ஆடத் தடை வரலாம். ஒவ்வொரு வீரரும் தகுதியோடு இருக்கிறாரா, கல்லூரியில் நீடிக்கிறாரா என்பதை வைத்து அந்த மதிப்பெண் போடுகிறார்கள். என்ன படிக்கிறார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஜிம் ஹார்பாவைக் கோச்சாகப் பலருக்குத் தெரியும். அவர் மிச்சிகனில் மாணவராகச் சேர்ந்தபோது வரலாறு படிக்க ஆசைப்பட்டார். நிறைய வாசிக்க வேண்டியிருக்கும், ஃபுட்பாலோடு ஒத்துவராது என்று முதல் ஆண்டிலேயே தடுத்துவிட்டார்கள் என்று 2007-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

சேப்பல் ஹில் பற்றி நீங்கள் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதை விசாரிக்கப் பல்கலைக்கழகம் அமர்த்திய வழக்கறிஞர் வெயின்ஸ்டைன் 2014-இல் தந்த அறிக்கைப்படி அந்த வகுப்புகள் 18 ஆண்டுகள் நடந்தன. 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். பேராசிரியர் வரமாட்டார், பாடம் நடக்காது. ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், அலுவலக ஊழியர் ஒருவரே மார்க் போட்டுவிடுவார். வீரர்களை அங்கே அனுப்பியது அவர்களுக்கு வழிகாட்டச் சம்பளம் வாங்கிய ஆலோசகர்கள். பலன் அடைந்தார்கள் என்கிறீர்கள். ஆட்டத் தகுதி என்ற பலன் கிடைத்தது, சரி. கல்லூரி தருவதாக ஒப்புக்கொண்ட படிப்பு? அப்புறம் 2017-இல் என்.சி.ஏ.ஏ. என்ன சொன்னது தெரியுமா? அந்த வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே விதிமீறல் என்று முடிவுசெய்ய முடியவில்லை என்றது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

மைரான் ரோல் அபூர்வமான மனிதர். ஃபுளோரிடா ஸ்டேட்டில் இரண்டரை வருடத்தில் பட்டம் முடித்தார். 2008 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரும் ரோட்ஸ் உதவித்தொகைக்கான நேர்காணலும் மேரிலாந்தில் ஒரு மேட்சும் ஒரே நாளில் வந்தன. நேர்காணலை முடித்துத் தனி விமானத்தில் பறந்து, ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அணியோடு சேர்ந்தார். அவரைக் கொண்டாடுவோம். ஆனால் ஒரு லேபுக்கும் ஒரு பிராக்டிஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பத்தொன்பது வயதுப் பையனிடம் போய் அவரைப் போல இரு என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிராக்டிஸ் நேரத்தை மாற்றுவது கோச்சின் கையில் இருக்கிறது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். நர்சிங்கில் கிளினிக்கல் என்று ஆஸ்பத்திரிப் பயிற்சி உண்டு. பல இடங்களில் அது அதிகாலையில் தொடங்கும், நீச்சல் பயிற்சியும் அப்போதுதான். கோச்சிடம் நேரடியாகக் கேளுங்கள்: இப்போது உங்கள் அணியில் நர்சிங் படிக்கும் பெண்கள் இருக்கிறார்களா? அவர்களில் ஒருவரோடு, நீங்கள் பக்கத்தில் இல்லாமல், என் மகள் பேசலாமா? கிளினிக்கல் நாளில் பயிற்சியைத் தவறவிட்டால் அணியில் அவள் இடம் என்னவாகும்? காயம்பட்டால், அல்லது கோச் மாறினால், ஸ்காலர்ஷிப் தொடருமா? நான்கு வருடத்தில் படிப்பு முடியாவிட்டால் ஐந்தாம் வருடத்துக்குப் பணம் யார் தருவார்கள்?

‘எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் அடுத்த கல்லூரியிடம் பேசுங்கள். தெளிவான பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நர்சிங் துறையிலும் தனியாகப் போய் இதே கேள்விகளைக் கேளுங்கள். என்ன முடிவு எடுத்தீர்கள் என்று எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்