டிஎன்ஏ சேர்க்காத கன்ட்ரோலிலும் 16எஸ் பேண்ட்

பாக்டீரியாவின் 16எஸ் ஜீனை பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) பெருக்கும்போது டிஎன்ஏ சேர்க்காத கன்ட்ரோலிலும் பேண்ட் (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு) வருகிறது, பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம், அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. 35 சுழற்சி ஓட்டியதில் வெறும் தண்ணீர் போட்ட கன்ட்ரோலிலும் 1500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீள அளவில் பேண்ட் வருகிறது என்றால், எனக்கு முதல் சந்தேகம் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் (Taq) என்சைம் மேல்தான். அதைப் பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவில்தான் தயாரிக்கிறார்கள். எவ்வளவு சுத்திகரித்தாலும் அந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். எல்லா பாக்டீரியாவையும் பிடிக்கும் பிரைமர் இதை மட்டும் விட்டுவிடுமா?

சுழற்சியை 28 ஆகக் குறைத்துப் பாருங்கள். கன்ட்ரோல் பேண்ட் மறைந்து சாம்பிள் பேண்ட் நின்றால் சரி. மறையவில்லையா? புதுத் தண்ணீர், அப்புறம் அதே பிரைமரின் புது ட்யூப் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் குற்றவாளி சிக்காது.

ஆனால் ரத்தம் போல பாக்டீரியா மிகக் குறைவான சாம்பிள் என்றால் இந்த வழி உதவாது. டிஎன்ஏ நீக்கிய என்சைம்தான் வேண்டும், சாம்பிளிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும் எக்ஸ்ட்ராக்‌ஷன் கிட்டுக்கும் தனி கன்ட்ரோல் வையுங்கள்.