பருத்தியில் அசுவினி வந்தால் பஞ்சின் தரம் ஏன் கெடுகிறது?

அசுவினி என்பது இலையின் அடிப்பக்கத்திலும் குருத்திலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. பஞ்சை அது கடிப்பதில்லை. அப்புறம் எப்படித் தரம் கெடுகிறது?

செடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதச் சத்து சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக அசுவினி ஓயாமல் உறிஞ்சி, மிஞ்சும் சர்க்கரையைப் பிசுபிசுப்பான கழிவாகச் சொட்டுகிறது. கீழே உள்ள இலைகளின் மேற்பக்கத்தில் வார்னிஷ் பூசியது போல ஒரு பளபளப்பு தெரிந்தால் அது இதுதான். காய் வெடித்திருக்கும் நேரத்தில் அந்தச் சொட்டு நேராகப் பஞ்சில் விழும். கரும்பூஞ்சணம் படர்ந்து பஞ்சு சாம்பல் நிறமாகும். நூற்பாலையில் நடப்பதுதான் பெரிய தொல்லை: பாகு சிந்திய தரையில் செருப்பு ஒட்டுவது போலப் பஞ்சு உருளைகளில் ஒட்டும், நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

ஆகவே காய் வெடிக்கும் பருவத்தில்தான் கண்காணிப்பு அதிகம் வேண்டும். இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் அதன் புழுக்களும் நிறைய இருந்தால் மருந்தடிக்க அவசரப்பட வேண்டாம். கண்டதையும் அடித்தால் முதலில் சாவது அவைதான், அசுவினி சீக்கிரமே திரும்பப் பெருகிவிடும். யூரியாவையும் அளவோடு போடுங்கள். தளதளவென்ற இளந்தளிர் அசுவினிக்கு விருந்து. வெடித்த பஞ்சைச் செடியிலேயே விட்டுவைக்காமல் அவ்வப்போது எடுத்துவிடுவது நல்லது.

வெயிலில் காயவைத்தால் பிசுக்கு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்வது ஈரம் மட்டுமே, சர்க்கரை இழையிலேயே இருக்கும்.